ஜாவாவில் ஸ்ட்ரிங்: இரண்டு பழைய முடிவுகளும் அவற்றின் விளைவுகளும்

ஜாவா என்ற நிரல் மொழியைப் படிக்கத் தொடங்கும் எவரும், உரையைத் தாங்கும் ஸ்ட்ரிங்கை முதல் வாரத்திலேயே தொட்டுவிடுவார்கள். லெங்த், சார்அட், சப்ஸ்ட்ரிங், இன்டெக்ஸ்ஆஃப், ரீப்ளேஸ், ட்ரிம், ஸ்ப்ளிட், ஈக்வல்ஸ் என்று நீளும் பட்டியலைப் புத்தகங்கள் ஓர் அட்டவணையாகக் கொடுத்துவிட்டு அடுத்த அத்தியாயத்துக்குப் போய்விடும். மாணவர்களும் தேர்வுக்காக அதை மனப்பாடம் செய்துகொள்வார்கள். வேலைக்குப் போன பிறகுதான், ஸ்ட்ரிங்கின் மேல் அழைக்கும் செயல்களான இந்தச் சாதாரண மெத்தட்கள் ஒவ்வொன்றாகக் கழுத்தைப் பிடிக்கும்.

அட்டவணை சொல்லாமல் விடுவது, இவை ஏன் இப்படி நடந்துகொள்கின்றன என்பதை. சன் மைக்ரோசிஸ்டம்ஸ் நிறுவனத்தில் ஜேம்ஸ் காஸ்லிங்கும் அவரது குழுவினரும் உருவாக்கிய ஜாவாவின் 1.0 பதிப்பு 1996 ஜனவரியில் வெளிவந்தது. ஸ்ட்ரிங்கைப் பற்றிய இரண்டு முடிவுகள் அப்போதே எடுக்கப்பட்டுவிட்டன. ஒரு ஸ்ட்ரிங் உருவான பிறகு அதன் உள்ளடக்கம் மாறாது என்பது முதல் முடிவு. ஸ்ட்ரிங் என்பது 16 பிட் அலகுகளின் வரிசை என்பது இரண்டாவது. முதலாவதை எல்லோரும் சொல்லித் தருகிறார்கள். இரண்டாவதை ஆங்கில உதாரணங்கள் மறைத்துவிடுகின்றன. தமிழ்ப் பெயர்களையும் முகவரிகளையும் கையாளும் நிரலர்களுக்கோ இரண்டாவதுதான் அதிகம் உதைக்கிறது.

மாறாத தன்மையிலிருந்து தொடங்கலாம். ஒரு பெயரின் முன்னும் பின்னும் இடைவெளி இருக்கிறது, அதை நீக்க வேண்டும் என்று வையுங்கள். பெயர் என்ற வேரியபிளின் மேல் ட்ரிம்மை அழைத்துவிட்டு அடுத்த வரியில் அச்சிட்டால் இடைவெளி அப்படியே இருக்கும். ட்ரிம் மூல ஸ்ட்ரிங்கைத் தொடவே இல்லை. இடைவெளி இல்லாத புதிய ஸ்ட்ரிங் ஒன்றைச் செய்து திருப்பிக் கொடுத்தது, அதை யாரும் வாங்கி வைத்துக்கொள்ளவில்லை. ரீப்ளேஸ், டுஅப்பர்கேஸ், சப்ஸ்ட்ரிங் எல்லாமே இப்படித்தான். திரும்பி வருவதை ஒரு வேரியபிளில் பிடித்துக்கொள்ளாவிட்டால் அந்த வரி எழுதியும் எழுதாத மாதிரிதான்.

தொடக்கத்தில் இது எரிச்சலாகவே இருக்கும். ஆனால் காரணம் வலுவானது. சி மொழியில் ஸ்ட்ரிங் என்பது நினைவகத்தில் கிடக்கும் எழுத்துகளின் வரிசை; யார் வேண்டுமானாலும் உள்ளே கைவிட்டு மாற்றலாம், எல்லை தாண்டியும் எழுதலாம். 1988 இல் இணையத்தை முடக்கிய மோரிஸ் புழு என்ற தீநிரல் நுழைந்த வழிகளில் ஒன்று, ஒரு சி நிரல் வந்து சேரும் எழுத்துகளின் நீளத்தைப் பார்க்காமல் வாங்கியதுதான். ஜாவாவோ, வலைப்பக்கங்களின் வழியே யாரோ எழுதிய நிரல் நம் கணினியில் வந்து ஓடும் என்ற எண்ணத்தோடு வெளிவந்த மொழி. ஒரு கோப்பைத் திறக்க அனுமதி உண்டா என்று கோப்பின் பெயரைச் சரிபார்த்து, அனுமதித்து, திறக்கப் போகும் கணத்தில், நிரலுக்குள் இணையாக ஓடும் இன்னொரு த்ரெட் அந்தப் பெயரையே மாற்றிவிட்டால் பாதுகாப்பு என்ன ஆகும்? ஸ்ட்ரிங் மாறாது என்றால் இந்தக் கேள்விக்கே இடமில்லை. ஸ்ட்ரிங் கிளாஸை யாரும் நீட்டித்து அதன் நடத்தையை மாற்றிவிடாதபடி அதை ஃபைனல் என்று அறிவித்திருப்பதும் இதற்காகத்தான்.

இதிலிருந்து வேறு பலன்களும் கிடைக்கின்றன. நிரலில் ஒரே சொல்லைப் பத்து இடத்தில் மேற்கோளுக்குள் எழுதினாலும் ஜாவா ஒரே ஆப்ஜெக்ட்டைத்தான் ஒரு பொதுக் குளத்தில் வைத்துக்கொள்கிறது. மாறாத பொருளைப் பத்துப் பேர் பகிர்ந்துகொண்டாலும் ஆபத்தில்லை. சாவியைக் கொண்டு மதிப்பைத் தேடித் தரும் ஹேஷ்மேப்பில் சாவியாக வைத்த ஸ்ட்ரிங் பின்னால் மாறிப்போய்த் தேடினால் கிடைக்காமல் போவதும் நடக்காது. அதன் ஹேஷ் எண்ணை ஒருமுறை கணக்கிட்டு உள்ளேயே சேமித்துக்கொள்ள முடிகிறது.

புதியவர்களை அதிகம் ஏமாற்றுவதும் அந்தப் பொதுக் குளம்தான். இரண்டு சமக்குறி போட்டு ஒப்பிட்டால், இரண்டும் ஒரே ஆப்ஜெக்ட்டா என்றுதான் ஜாவா பார்க்கும். உள்ளே இருக்கும் எழுத்துகளைப் பார்க்காது. நிரலிலேயே எழுதிய சொற்களை வைத்துச் சோதித்தால் இரண்டும் குளத்திலிருக்கும் அதே ஆப்ஜெக்ட் என்பதால் சரியான விடையே வரும். பயனர் தட்டச்சு செய்த சொல்லோ கோப்பிலிருந்து படித்த சொல்லோ வந்தவுடன் அதே நிரல் பொய் சொல்லத் தொடங்கும். சோதனையில் பிழையில்லாமல் ஓடி, பயன்பாட்டில் மட்டும் உடையும் பிழைதான் மிக மோசமானது. அதனால் உள்ளடக்கத்தை ஒப்பிட எப்போதும் ஈக்வல்ஸ். அதிலும் தெரிந்த சொல்லை முன்னால் வைத்து அதன் மேல் ஈக்வல்ஸை அழைப்பது நல்ல பழக்கம். மறுபக்கம் எந்த ஆப்ஜெக்ட்டும் இல்லாத null ஆக இருந்தாலும் நிரலை நிறுத்தும் எக்ஸெப்ஷன் வராது.

மாறாத தன்மைக்கு விலையும் உண்டு. ஒரு லூப்புக்குள் கூட்டல் குறியால் ஸ்ட்ரிங்கை நீட்டிக்கொண்டே போவதை எடுத்துக்கொள்ளுங்கள். ஒவ்வொரு சுற்றிலும் அதுவரை சேர்ந்த அனைத்தையும் புதிய இடத்துக்கு நகலெடுத்து, கடைசியில் சிறு துண்டை ஒட்ட வேண்டும். சுற்றுக்கு 10 எழுத்து, 10,000 சுற்று என்றால் கையில் கிடைப்பது 1 லட்சம் எழுத்து. அதற்காக வழியில் நகலெடுத்தது சுமார் 50 கோடி. இதற்குத்தான் ஸ்ட்ரிங்பில்டர் இருக்கிறது. மாறக்கூடிய அரே ஒன்றை உள்ளே வைத்துக்கொண்டு, இடம் போதாதபோது ஏறக்குறைய இரட்டிப்பாக்கிக்கொள்ளும். நகலெடுக்கும் வேலை சில லட்சங்களோடு நின்றுவிடும். முதல் பதிப்பிலிருந்தே இருந்த ஸ்ட்ரிங்பஃபர் ஒவ்வொரு அழைப்புக்கும் பூட்டு போட்டுத் திறந்ததால் மெதுவாக இருந்தது. பூட்டில்லாத ஸ்ட்ரிங்பில்டர் 2004 இல் ஜாவா 5 உடன் வந்தது. லூப் இல்லாத ஒரே வரியில் நாலைந்து துண்டுகளைக் கூட்டல் குறியால் சேர்ப்பதைப் பற்றிக் கவலை வேண்டாம், அதைக் கம்பைலரே பார்த்துக்கொள்ளும்.

கடவுச்சொல் விஷயமும் இதையொட்டியதுதான். ஸ்ட்ரிங்கை அழிக்க முடியாது, குப்பை அள்ளும் கார்பேஜ் கலெக்டர் வரும்வரை அது மெமரியில் கிடக்கும். அதனால்தான் ஜாவாவின் ஸ்விங் நூலகத்தில் கடவுச்சொல் பெட்டி ஸ்ட்ரிங்கைத் தராமல் சார் அரேயைத் தருகிறது. வேலை முடிந்ததும் அதைப் பூஜ்யங்களால் நிரப்பிவிடலாம்.

அடுத்தது சப்ஸ்ட்ரிங். இது இரண்டு எண்களை வாங்கும்: தொடங்கும் இடம் சேரும், முடியும் இடம் சேராது. முதல் பார்வைக்குக் கோணலாகத் தெரிந்தாலும், இரண்டாவதிலிருந்து முதலாவதைக் கழித்தால் துண்டின் நீளம் நேராகக் கிடைக்கிறது. ஒரு துண்டு முடியும் எண்ணிலேயே அடுத்த துண்டு தொடங்குகிறது. எண்ணிக்கை ஏன் பூஜ்யத்தில் தொடங்கி இப்படிப் பாதி திறந்த எல்லைகளோடு இருக்க வேண்டும் என்று கணினி அறிவியலாளர் எட்ஸ்கர் டைக்ஸ்ட்ரா 1982 லேயே ஒரு சிறு குறிப்பில் வாதிட்டிருக்கிறார். பழகியவர்களுக்கு இதைவிட வசதியான முறை கிடையாது.

சப்ஸ்ட்ரிங்குக்கு உள்ளே ஒரு சுவையான வரலாறு இருக்கிறது. பல ஆண்டுகள் இந்த மெத்தட் எதையும் நகலெடுக்கவே இல்லை. மூல ஸ்ட்ரிங்கின் அரேயையே சுட்டிக்காட்டி, "இங்கிருந்து இத்தனை" என்று இரண்டு எண்களை மட்டும் குறித்துக்கொண்டது. மூல ஸ்ட்ரிங் மாறாது என்பதால் இது செல்லுபடியானது, மின்னல் வேகத்தில் நடந்தது. ஆனால் 10 எம்பி கோப்பு ஒன்றை ஒரே ஸ்ட்ரிங்காகப் படித்து, அதிலிருந்து ஆறு எழுத்து பின்கோடை மட்டும் எடுத்து வைத்துக்கொண்டால்? அந்த ஆறு எழுத்துக்காக முழு அரேயும் மெமரியைவிட்டுப் போகாது. இப்படிப் பல சர்வர்கள் மெல்ல மெல்ல வீங்கி விழுந்தன. விவரம் தெரிந்தவர்கள் சப்ஸ்ட்ரிங்கின் விடையைப் புதிய ஸ்ட்ரிங்காக மீண்டும் கட்டித் தப்பித்தார்கள். 2012 இல் வந்த ஜாவா 7 இன் 6 ஆம் அப்டேட், பகிர்வதை விட்டுவிட்டு நகலெடுக்கும் முறைக்கு மாறியது. வெளியே மெத்தட்டின் பெயரும் மாறவில்லை, விடையும் மாறவில்லை. செலவு மட்டும் தலைகீழானது. பகிர்வை நம்பி, பெரிய உரையில் லட்சக்கணக்கான துண்டுகளை வெட்டிக்கொண்டிருந்த நிரல்கள் மெதுவாகின. எனக்கு இது சரியான முடிவாகவே படுகிறது. நேரம் கூடினால் கண்ணுக்குத் தெரியும், ஒட்டிக்கொண்டிருக்கும் மெமரி தெரியாது.

இப்போது இரண்டாவது முடிவுக்கு வரலாம், தமிழர்களுக்கு நேரடியாக உறவுள்ள பகுதி இது.

ஜாவா உருவான காலத்தில் உலகின் எழுத்துகள் எல்லாம் 16 பிட்டுக்குள், அதாவது 65,536 இடங்களுக்குள் அடங்கிவிடும் என்று, எல்லா மொழி எழுத்துகளுக்கும் எண் கொடுக்கும் தரமான யூனிகோட் நம்பியது. அந்த நம்பிக்கையில் ஜாவாவின் சார் 16 பிட்டாக அமைந்தது. அதே 1996 இல் வந்த யூனிகோட் 2.0, இடம் போதாது என்று ஒப்புக்கொண்டு, இரண்டு 16 பிட் அலகுகளைச் சேர்த்து ஓர் எழுத்தைக் குறிக்கும் ஏற்பாட்டைக் கொண்டுவந்தது. அதனால் ஒரே ஒரு சிரிக்கும் எமோஜியின் லெங்த் ஜாவாவில் 2. தமிழுக்கும் இது பொருந்தும். முந்திரி போன்ற பழைய பின்னங்களின் குறியீடுகளும் பழைய அளவைக் குறிகளும் 2019 இல் யூனிகோட் 12 இல் தனிப் பகுதியாகச் சேர்ந்தபோது 16 பிட்டுக்கு வெளியேதான் இடம் கிடைத்தது. அவை ஒவ்வொன்றுக்கும் லெங்த் 2 என்றே வரும்.

ஆனால் அன்றாடத் தமிழில் சிக்கல் வேறு இடத்தில் இருக்கிறது. "தமிழ்" என்ற சொல்லின் லெங்த் என்ன? நமக்கு மூன்று எழுத்து. ஜாவாவுக்கு ஐந்து: த, ம, இகரக் குறி, ழ, புள்ளி. யூனிகோடின் தமிழ்ப் பகுதி, இந்திய எழுத்துகளுக்கான 1988 இன் இஸ்கி தரத்தை அடியொற்றியது; அகரமேறிய மெய்யையும் உயிர்க்குறியையும் புள்ளியையும் தனித்தனியாக வைத்து, உயிர்மெய்யை அவற்றின் சேர்க்கையாகவே எழுதுகிறது. ஆக லெங்த் எண்ணுவது நாம் பள்ளியில் எண்ணிய எழுத்தை அல்ல.

லெங்த் மாறினால் அதை நம்பும் எல்லாமே மாறும். "செந்தில்" நமக்கு நான்கு எழுத்து, ஜாவாவுக்கு எட்டு அலகு. பூஜ்யத்திலிருந்து 7 வரை சப்ஸ்ட்ரிங் எடுத்தால் புள்ளி உதிர்ந்து "செந்தில" என்று வரும். 3 வரை எடுத்தால் "செந". அட்டையில் அச்சிடும் பெயரை இருபதாவது அலகில் கண்ணை மூடிக்கொண்டு வெட்டும் நிரல்கள் இப்படித்தான் பெயர்களைச் சிதைக்கின்றன. பெயரைத் தலைகீழாக்கும் பயிற்சிக் கணக்கும் அப்படியே. ஸ்ட்ரிங்பில்டரின் ரிவர்ஸை "தமிழ்" மேல் ஓட்டினால் முதலில் ஒட்ட இடமில்லாத புள்ளி ஒன்று நிற்கும், அடுத்து, மகரத்தோடு இருந்த இகரக் குறி ழகரத்தோடு சேர்ந்து "ழி" ஆகும், பிறகு "மத". ரிவர்ஸ் எமோஜியின் இரண்டு அலகுகளைப் பிரிக்காமல் பார்த்துக்கொள்கிறது, ஆனால் உயிர்மெய்யைப் பற்றி அதற்கு எதுவும் தெரியாது.

தேடலிலும் இதே கதை. "மண்" என்ற சொல்லுக்குள் "மண" இருக்கிறதா என்று கன்டெய்ன்ஸைக் கேட்டால் ஆம் என்கிறது. "கோவில்" ககரத்தில் தொடங்குகிறதா என்று ஸ்டார்ட்ஸ்வித்தைக் கேட்டாலும் ஆம்தான். பெயர்ப் பட்டியலை எழுத்துவாரியாகப் பிரிப்பவர்கள் இதை முன்கூட்டியே தெரிந்துகொள்வது நல்லது.

இந்த அமைப்பைக் குறை மட்டும் சொல்வதும் நியாயமில்லை. புள்ளி தனி அலகாக இருப்பதால் வேற்றுமை உருபு சேர்ப்பது எவ்வளவு சுலபம் பாருங்கள். "கண்ணன்" என்பதன் கடைசி அலகான புள்ளியைச் சப்ஸ்ட்ரிங்கால் நீக்கி, அந்த இடத்தில் ஐகாரக் குறியை ஒட்டினால் "கண்ணனை" கிடைத்துவிடும். "மரம்" என்றால் கடைசி இரண்டு அலகை நீக்கி "த்தை" சேர்த்தால் "மரத்தை". ஒவ்வொரு உயிர்மெய்க்கும் தனி எண் கொடுக்கும் டேஸ் 16 என்ற முறையும் உண்டு. 2010 இல் தமிழ்நாடு அரசு யூனிகோடைத் தரமாகவும் டேஸ் 16 ஐ மாற்றுத் தரமாகவும் அறிவித்தது. அதில் "தமிழ்" மூன்றுதான். ஆனால் ஜாவாவும் உலகின் மற்ற மென்பொருள்களும் அதைத் தமிழ் என்று அடையாளம் காணாது. நடைமுறையில் யூனிகோடோடு வாழப் பழகுவதுதான் வழி.

ஈக்வல்ஸுக்குத் திரும்பி வர வேண்டியிருக்கிறது, ஏனென்றால் தமிழில் அதுவும் கைவிடும் இடம் உண்டு. "கொ" என்பதை இரண்டு விதமாகச் சேமிக்கலாம். ககரமும் ஒகரக் குறி என்ற ஒரே அலகும் ஒரு விதம். ககரம், ஒற்றைக் கொம்பு, துணைக்கால் என்று மூன்று அலகு இன்னொரு விதம். திரையில் ஒரு வித்தியாசமும் தெரியாது. இரண்டு "கொடி"யையும் ஈக்வல்ஸில் கொடுத்தால் இல்லை என்று வரும். மூன்று அலகு வடிவத்தில் "கெ" என்று தேடினால் கிடைக்கும், மற்றதில் கிடைக்காது. யூனிகோட் தரமே இவ்விரண்டையும் சமம் என்கிறது. ஆனால் ஈக்வல்ஸ் தரத்தைப் பார்ப்பதில்லை, அலகுகளை மட்டும் பார்க்கிறது. 2006 இல் ஜாவா 6 உடன் வந்த நார்மலைசர் கிளாஸ் இவற்றை ஒரே வடிவத்துக்குக் கொண்டுவரும். பயனரிடமிருந்து உரை உள்ளே வரும் வாசலிலேயே இதை ஓட்டிவிட்டால் பாதித் தொல்லை தீரும்.

மீதிப் பாதி அவ்வளவு சுலபமில்லை. ஸ்ரீ என்பதை ஸகரத்தை வைத்தும் எழுதுகிறார்கள், யூனிகோட் 4.1 இல் 2005 இல் சேர்ந்த ஶகரத்தை வைத்தும் எழுதுகிறார்கள். பல எழுத்துருக்களில் இரண்டும் ஒன்றுபோலவே தெரியும். ஔகாரத்துக்குப் பதில் ஒகரமும் ளகரமும் தட்டச்சு செய்தவர்களும் ஏராளம். இவை தரத்தின்படி வேறு வேறு என்பதால் நார்மலைசர் தொடாது. ரீப்ளேஸைக் கொண்டு நாமே விதி எழுத வேண்டியதுதான். அப்போதும் ஒகரமும் ளகரமும் உண்மையிலேயே அடுத்தடுத்து வரும் "ஒளி"யையும், ஔகாரத்துக்குப் பதில் அப்படித் தட்டச்சான "ஒளவை"யையும் பிரித்தறிய அகராதியின் துணை வேண்டும்.

இடைவெளி நீக்குவதிலும் கவனம் வேண்டும். ட்ரிம் 1996 இன் மனநிலையில் எழுதப்பட்டது. சாதாரண இடைவெளியும் அதற்குக் கீழ் எண்ணுள்ள குறிகளும்தான் அதற்கு இடைவெளி. 2018 இல் ஜாவா 11 இல் வந்த ஸ்ட்ரிப் யூனிகோடை அறிந்தது. ஆனாலும் வலைப்பக்கத்திலிருந்து நகலெடுக்கும்போது ஒட்டிக்கொண்டு வரும் உடையா இடைவெளியை ட்ரிம்மும் நீக்காது, ஸ்ட்ரிப்பும் நீக்காது. அகலமே இல்லாத இணைப்புத் தடைக் குறியும் அப்படித்தான், தமிழ் உரையில் அது எங்கெங்கோ ஒளிந்திருக்கும். இவற்றைப் பெயர் சொல்லித்தான் ரீப்ளேஸால் நீக்க வேண்டும்.

ஸ்ப்ளிட் வாங்குவது வெறும் பிரிப்பான் அல்ல, எழுத்துகளின் அமைப்பை விவரிக்கும் ரெகுலர் எக்ஸ்பிரஷன். முற்றுப்புள்ளியைக் கொடுத்தால் அது "எந்த எழுத்தும்" என்று பொருள்பட்டு, விடையாக வெற்று அரே வரும். வரிசைக் கடைசியில் இருக்கும் காலித் துண்டுகளையும் அது தானாகவே தூக்கி எறிந்துவிடும். "சென்னை" என்ற சொல்லுக்குப் பின் இரண்டு காற்புள்ளி இருந்தால் மூன்று துண்டுக்குப் பதில் ஒன்றுதான் கிடைக்கும். இரண்டாவது எண்ணாக மைனஸ் 1 கொடுத்தால் மூன்றும் வரும். ரீப்ளேஸ், ரீப்ளேஸ்ஆல் இரண்டுக்கும் வித்தியாசம் "எல்லாவற்றையும்" என்பதில் இல்லை, இரண்டுமே எல்லாவற்றையும் மாற்றும். பின்னது ரெகுலர் எக்ஸ்பிரஷன் வாங்கும், அவ்வளவுதான்.

பெரிய எழுத்து, சிறிய எழுத்து தமிழுக்கு இல்லாததால் அந்த மெத்தட்கள் நம் உரையை ஒன்றும் செய்யாது. நிரலின் உள் சாவிகளை அவற்றால் மாற்றுகிறீர்கள் என்றால், எந்த மொழி வழக்கையும் சாராத லொகேல் ரூட்டைக் கூடவே கொடுங்கள். துருக்கி மொழி அமைப்பிலுள்ள கணினியில் பெரிய I புள்ளியில்லாத சிறிய ı ஆகிவிடும், சாவி பொருந்தாது.

உரையைப் பைட்டாக்கும் கெட்பைட்ஸும் அதே வகை. 2022 இல் ஜாவா 18 வரும்வரை, எந்தக் குறிமுறை என்று சொல்லாவிட்டால் இயங்குதளத்தின் வழக்கத்தையே அது எடுத்துக்கொண்டது. விண்டோஸில் அது பெரும்பாலும் மேற்கு ஐரோப்பியக் குறிமுறையாக இருந்ததால் "தமிழ்" ஐந்து கேள்விக்குறிகளாக வெளியே போனது. இப்போது யுடிஎஃப் 8 தான் இயல்பு. அதில் தமிழின் ஒவ்வோர் அலகும் 3 பைட், ஆக "தமிழ்" 15 பைட். தரவுத்தளத்தில் பெயருக்கு 20 பைட் ஒதுக்கியிருந்தால் "செந்தில்"கூட நுழையாது, அதற்கு 24 வேண்டும்.

வரிசைப்படுத்துதலைச் சொல்லாமல் விட முடியாது. கம்பேர்டூ மெத்தட் அலகுகளின் எண்களை ஒப்பிடுகிறது. இஸ்கி வழி வந்ததால் யூனிகோடில் தேவநாகரியின் இடங்களுக்கு இணையாகத் தமிழ் எழுத்துகள் உட்கார்ந்திருக்கின்றன. அதனால் னகரம் நகரத்துக்கு அடுத்து, றகரம் ரகரத்துக்கு அடுத்து, ளகரமும் ழகரமும் வகரத்துக்கு முன். விளைவாக "மனம்" என்பது "மயில்" என்பதற்கு முன்பும், "மழை" என்பது "மவுனம்" என்பதற்கு முன்பும் வந்து நிற்கும். அகராதியில் இரண்டுமே தலைகீழ். தமிழ் வரிசை தெரிந்த ஐசியூ என்ற நிரல் நூலகத்தின் வரிசைப்படுத்தியான கொலேட்டரைப் பயன்படுத்தினால் இது சரியாகும்.

எழுத்தை எண்ணுவதற்கும் வழி இருக்கிறது. 2014 இல் வந்த ஸ்விஃப்ட் மொழி, கண் காணும் எழுத்தையே அடிப்படை அலகாக எடுத்துக்கொண்டது. அங்கே "தமிழ்" மூன்று. ஜாவாவிலும் 9 ஆம் பதிப்பு முதல் ரெகுலர் எக்ஸ்பிரஷனில் பேக்ஸ்லாஷும் பெரிய எக்ஸும் சேர்ந்த குறி, சேர்ந்து நிற்கும் எழுத்துக் கொத்து ஒன்றை அப்படியே பிடிக்கும். அப்புறம் எண்ணலாம், வெட்டலாம், தலைகீழாக்கலாம். க்ஷ மட்டும் அதற்கு க், ஷ என இரண்டாகவே தெரியும்.

அடுத்த முறை ஸ்ட்ரிங்குக்கு யூனிட் டெஸ்ட் எழுதும்போது இந்தச் சொற்களை உள்ளே போட்டுப் பாருங்கள்: இரண்டு வடிவத்திலும் "கொடி", இரண்டு வடிவத்திலும் "ஸ்ரீ", கடைசியில் உடையா இடைவெளி ஒட்டிய "செந்தில்", நடுவில் ஓர் எமோஜி உள்ள முகவரி, அப்புறம் "மனம்", "மயில்" இரண்டும் உள்ள ஒரு பட்டியல். வெட்டு, ஒப்பிடு, தேடு, வரிசைப்படுத்து என்ற நான்கையும் அவற்றின் மேல் ஓட்டினால் நிரல் எங்கே தடுக்குகிறது என்பது அன்றைக்கே தெரிந்துவிடும்.